அம்மாவுக்கு மியூட் பொத்தான் இல்லை

யாழ்ப்பாணத்து வீடுகளில் திரையில் ஒரு முகம் தெரிந்தால் அது சொந்தக்காரருடைய முகம். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ரொறொன்ரோப் பெரியப்பாவாக இருக்கலாம், பாரிஸ் மச்சாளாக இருக்கலாம், ஒஸ்லோவில் பிறந்து ‘வணக்கம்’ மட்டும் தெரிந்த பேரப்பிள்ளையாக இருக்கலாம். ஆள் யாரென்று பார்ப்பது பிறகு. முதலில் போய்க் கமராவுக்கு முன்னால் நிற்க வேண்டும், சுகம் விசாரிக்க வேண்டும், இன்றைக்கு என்ன கறி என்று கேட்க வேண்டும். கேட்காமல் ஒதுங்கிப் போனால், “அவைக்கு எங்களோடை கதைக்க விருப்பமில்லைப் போலை” என்று அங்கே ஒரு மனத்தாங்கல் முளைத்து, அடுத்த கலியாணத்துக்கு அழைப்பிதழ் வராமல் போவதில் முடியும்.

நான் வேலை செய்யும் நிறுவனத்தின் கொழும்புத் தலைமையகத்துக்கு இதெல்லாம் தெரியாது. அங்கிருந்து வந்த சுற்றறிக்கை, சூம் கூட்டங்களில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளை அடுக்கிக்கொண்டு போகிறது. அமைதியான அறையொன்றைத் தெரிவுசெய்யவும். கதவைச் சாத்திக்கொள்ளவும். பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளவும். பேசாத நேரத்தில் மியூட்டில் இருக்கவும். எழுதியவர் நல்லவர், கெட்டிக்காரர், தொடர்மாடியில் குடியிருப்பவர். கதவைச் சாத்தினால் சாத்தப்படும் வீடு அவருடையது.

எங்கள் வீடு கொக்குவிலில், அப்பா கட்டியது. கதவுகள் இருக்கின்றன, நல்ல பலாமரக் கதவுகள். ஆனால் பகலில் சாத்துவது வழக்கமில்லை. பகலில் அறைக் கதவு சாத்தியிருந்தால் ஒன்றில் ஆருக்கோ காய்ச்சல், இல்லையென்றால் புருசன் பெண்சாதிக்குள் ஏதோ பிரச்சினை. இரண்டையும் விசாரிக்க அயலட்டை வரும். சுற்றறிக்கைக்கு மதிப்புக் கொடுத்து நான் முதன்முதல் கதவைச் சாத்திய அன்று, பக்கத்து வீட்டு அன்ரி கொத்தமல்லி அவித்த தண்ணியோடு வந்துவிட்டார். எனக்குக் காய்ச்சல் இல்லை என்று மனைவி சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. காய்ச்சல் இல்லையென்றால் மற்றக் காரணந்தானே மிச்சம்.

அதோடு அறைக்குள் சிக்னல் கிடையாது. அப்பா காலத்துச் சுவர், ஷெல்லுக்குத் தாக்குப்பிடித்தது, வைஃபைக்கும் தாக்குப்பிடிக்கிறது. றவுட்டர் விறாந்தையில் இருக்கிறது. அது பாய்ச்சும் அலைகள் ஒழுங்காக வந்து இறங்கும் ஒரே இடம் சாப்பாட்டு மேசையின் வடக்குத் தலைப்பு. அந்த இடம் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் ஓர் ஆள் வாளியோடோ சட்டியோடோ கடக்காமல் அங்கே பத்து நிமிடம் போவதில்லை. ஆகவே எனது பின்புலம் எந்நேரமும் நடமாட்டமுள்ள பின்புலம். கடற்கரையும் தென்னையும் தெரியும் பொய்ப் பின்னணியொன்றை மகள் போட்டுத் தந்தாள். அதில் தென்னைக்குள்ளிருந்து என் மனைவியின் கை மட்டும் ஒரு கத்தரிக்காயோடு வெளியே வந்து போனதைப் பார்த்துக் கண்டிக் கிளைப் பெண்ணொருத்தி பயந்துபோனாள். எடுத்துவிட்டோம்.

திரையைச் சொந்தமாக நினைக்கும் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1983க்குப் பிறகு ஊரில் பாதி புறப்பட்டுப் போய்விட்டது. தொண்ணூறுகளில் இங்கே கரண்டும் இல்லை, போனும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் றேடியோச் செய்தி கேட்டோம். 2002இல் சண்டை ஓய்ந்து ஏ9 பாதை திறந்த காலத்தில் சந்திக்குச் சந்தி ‘கொமியூனிக்கேசன்’ கடைகள். அதற்கப்புறம் ஸ்கைப் வந்தது. வருடக்கணக்காகக் குரலாகவும் கடிதமாகவும் மட்டும் இருந்த பிள்ளையை அம்மாமார் முகமாகப் பார்த்தார்கள். 2003இல் பிறந்த அந்த ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். உலகம் இரண்டு வரிச் செய்தியோடு விட்டுவிட்டது. எங்கள் ஒழுங்கையில் நியாயப்படி அதற்கு ஒரு கல்வெட்டு அடித்து அந்தியேட்டி செய்திருக்க வேண்டும்.

அந்த ஸ்கைப்பில் எடுத்த பயிற்சிதான் எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் கைவிடாத பயிற்சி. தூரத்துக்கேற்ற சத்தம் என்பது அதன் முதற்பாடம். லண்டனுக்கு ஒரு சத்தம், கனடாவுக்கு அதைவிடக் கூட, அவுஸ்திரேலியாவுக்கு நடுத்தரம். கொழும்பு நானூறு கிலோமீற்றர்தான் என்பதால் அம்மா அதற்குச் சாதாரணமாகத்தான் கதைப்பார், அதாவது கிணற்றடியிலிருந்து படலைக்குக் கேட்கிற அளவுக்கு. போனை நெற்றிக்கு மேலே பிடிப்பது இரண்டாம் பாடம். கனடா மாமிக்கு எங்கள் முகங்களைவிட எங்கள் வீட்டுச் சீலிங் விசிறியைத்தான் நன்றாகத் தெரியும். ஒருமுறை நேரில் வந்து நின்றபோது மேலே பார்த்து, “ஓ, இதுதானே அது” என்றா.

இந்தத் தயார்நிலையில் இருந்த குடும்பத்துக்குள்தான் அலுவலகம் வந்து விழுந்தது. 2020 மார்ச் 20 மாலையோடு நாடு முழுவதும் ஊரடங்கு. 2019 டிசம்பரில் சூம் கூட்டங்களில் ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பேர் கலந்துகொண்டார்களாம். 2020 ஏப்ரலில் அது 30 கோடி. அதில் மூன்று பேர் எங்கள் சாப்பாட்டு மேசையில். ஒரு பக்கம் மனைவி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒளித்தொகுப்பு படிப்பிக்க, இன்னொரு பக்கம் மகள் கணக்கு ரியூசனில் இருக்க, வடக்குத் தலைப்பில் நான். ஒரு முறை என்னுடைய மைக் வழியாகத் தலைமையகம் முழுவதும் பச்சையம் பற்றித் தெரிந்துகொண்டது. கணக்காய்வு அறிக்கையைவிட அது விளங்கியது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசையில் இரவு படுத்தெழும்பிய காலம். ஜூன் மாதம் அரசாங்கமே தன் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லிவிட்டது, வெள்ளிக்கிழமையில் லீவு எடுத்துத் தோட்டம் செய்யுங்கள் என்றும் சொன்னது. எங்கள் நிறுவனமும் பின்னால் போனது. கியூ.ஆர். அட்டையோடு பெற்றோல் திரும்பி வந்தது. திங்கட்கிழமைக் கூட்டம் மட்டும் வீட்டை விட்டுத் திரும்பிப் போகவேயில்லை.

இனி அம்மாவின் கதை.

அது காலாண்டுச் செலவுக் கூட்டம். எங்கள் டிரெக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், பெரிய மனிதர், அளந்து பேசுபவர். அன்றைக்கு வாகனச் செலவு ஏன் கூடியது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்க, முழுத் திரையிலும் அவருடைய முகம். அம்மா கிணற்றடியிலிருந்து வந்தவர் எனக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

“தம்பி, உவர் ஆர்?”

நான் கையால் சைகை காட்டினேன், ‘போங்கோ’ என்ற அர்த்தத்தில். எண்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு அது ‘வாங்கோ’ என்று தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்கடை டிரெக்டர் அம்மா. மீற்றிங் நடக்குது. பிறகு கதைப்பம்.”

“டிரெக்டரோ? இந்தப் பெரிய மனுசனை வைச்சுக்கொண்டு பிறகு எண்டு சொல்லுறாய்.” சொல்லிவிட்டுக் கமராவுக்குள் குனிந்து, “தம்பி, சாப்பிட்டியளோ?”

மியூட் பொத்தானுக்கு என் விரல் போய்ச் சேருமுன் வார்த்தை கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாகனச் செலவு பாதியில் நின்றது. டிரெக்டர் முன்னொரு காலத்தில் வவுனியாவில் வேலை பார்த்தவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். “சாப்பிட்டன் அம்மா,” என்றார் தமிழில்.

அவ்வளவுதான். இனி அம்மாவை நிறுத்த ஆராலும் முடியாது.

“என்ன சாப்பாடு?”

இந்த இடத்தில் அவருடைய தமிழ் தீர்ந்துபோனது. என்னைப் பார்த்தார். ஒன்பது கிளை அலுவலகங்கள் பார்த்திருக்க, சிரேஷ்ட கணக்கு உத்தியோகத்தனாகிய நான் கேள்வியை மொழிபெயர்த்தேன். பாணும் பருப்பும் என்று பதில் வந்தது. அதையும் மொழிபெயர்த்தேன்.

“பாணோ? ஏன், வீட்டிலை சமைச்சுக் குடுக்க ஆக்கள் இல்லையே?”

என்ன சொல்கிறார் என்று டிரெக்டர் கேட்டார். நீங்கள் நீடூழி வாழ வேண்டுமென்று அம்மா வாழ்த்துகிறார் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

2017 மார்ச்சில் இதே விசயம் உலகம் முழுவதும் போனது. தென்கொரியாவின் பூசான் நகரிலிருந்து ரொபேர்ட் கெல்லி என்ற பேராசிரியர் பிபிசிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். நாட்டின் ஜனாதிபதி பதவியிழந்த செய்தி, சின்ன விசயமில்லை. பின்னால் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் கைவீசி நடந்து வருகிறாள், அவளுக்குப் பின்னால் சில்லு வண்டியில் குழந்தை, அதற்குப் பின்னால் பறந்து வந்து இருவரையும் இழுத்துக்கொண்டு போகிற மனைவி. அன்றைக்குக் கதவைப் பூட்ட மறந்துவிட்டார், அவ்வளவுதான். பார்த்த உலகம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் வீட்டில் அந்தக் காணொளியைப் பார்த்த அம்மா சிரிக்கவில்லை. “பிள்ளையளை ஏன் இழுக்கிறாள்? அந்த மனுசனுக்கு ஒரு வணக்கம் சொல்ல விட்டால் என்ன?” என்று கேட்டார். லண்டனில் பேட்டி எடுத்தவரைச் சொல்லுகிறார்.

டிரெக்டர் இப்போது ஒவ்வொரு திங்களும் அம்மாவின் முழங்காலை விசாரித்துவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்குகிறார். கூட்டக் குறிப்பில் அது ‘அறிமுகக் கருத்துகள்’ என்ற தலைப்பில் ஏறுகிறது. மற்றக் கிளைக்காரருக்கு என்மேல் கொஞ்சம் எரிச்சல். காலி அலுவலகப் பெண் தன்னுடைய பாட்டியை ஒருமுறை கொண்டுவந்து இருத்திப் பார்த்தாள். பாட்டி நித்திரையாகிவிட்டா.

சத்த விசயத்துக்கு வருவோம். கொக்குவிலில் காலை ஒன்பது மணிக்கு மைக்கைத் திறந்து வைத்திருப்பவன் ஒரு வானொலி நிலையம் நடத்துகிறான். முதலில் மீன்காரர். அவருடைய ஹோர்ன் ரப்பர்க் குண்டுடையது, அதை அமத்தினால் மூன்று ஒழுங்கைப் பூனைகளும் எழும்பும். பிறகு காங்கேசன்துறைப் பாதையில் ரயில். பிறகு ஏதாவது ஒரு கோயில் ஒலிபெருக்கி. வெள்ளிக்கிழமையில் ஊரே சைவமென்பதால் மீன்காரர் வரமாட்டார், கூட்டத்தை வெள்ளிக்கு மாற்றுங்கள் என்று ஒருமுறை யோசனை சொன்னேன். வெள்ளியில் கோயில் ஒலிபெருக்கி இரண்டு மடங்கு என்பதை மனைவி ஞாபகப்படுத்தியபோது யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் பாண் ஓட்டோவுக்கு நான் குறை சொல்லமாட்டேன். இந்த நாட்டில் பாண் விற்கிற முச்சக்கரவண்டி என்ன பாட்டுப் போடும் என்பது பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எல்லோருக்கும் தெரியும். பீத்தோவன் 1810இல் எலிசே என்ற ஒருத்திக்காக எழுதிய பியானோத் துண்டு. அவள் யாரென்று இசைக்காரர் இன்றைக்கும் அடிபடுகிறார்கள். எங்களுக்கு அவள் மாலுபணிஸ். ஒரு திங்கட்கிழமை, கூட்டத்தில் நல்ல அமைதி, டிரெக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார், ஆரோ ஒருவருடைய மைக்குக்குள்ளால் அந்தப் பாட்டுக் கேட்டது. நான் தலையைத் திருப்பிப் படலையைப் பார்த்தேன். திரும்பித் திரையைப் பார்த்தால், மாத்தறைக்காரர் தன் யன்னலைப் பார்க்கிறார், மட்டக்களப்புத் தம்பி எழும்பியே விட்டார், குருநாகல் பெண் பேர்ஸுக்குள் சில்லறை தேடுகிறாள். தலைமையகம் தேசிய ஒருமைப்பாட்டுக்கென்று வருடந்தோறும் ஒரு பயிற்சிப்பட்டறை வைக்கிறது, ஹோட்டலில், மதியச் சாப்பாட்டோடு. அதில் ஒரு நாளும் ஒன்பது கிளையும் ஒரே நேரத்தில் ஒரே விசயத்தை நினைத்ததில்லை.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே இஸ்திரி போட்ட சேட், கீழே சாரம். நல்லூர்க் கந்தனுக்கு முன்னால் மேலங்கியைக் கழற்றிவிட்டு வேட்டியோடு நிற்கிறவன், டிரெக்டருக்கு முன்னால் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான். இரண்டு இடத்திலும் பக்திக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் ஏரி அன்ட் ரி கொம்பனி 1964இல் நியூயோர்க் கண்காட்சியில் முகம் தெரிகிற தொலைபேசியைக் காட்டி, 1970இல் பிற்ஸ்பேர்க் நகரில் மாதம் 160 டொலருக்கு வாடகைக்குவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்தும் அது எடுபடவில்லை. விலை ஒரு காரணம். மற்றது, வீட்டில் இருக்கிற கோலத்தில் தன்னைப் பிறத்தியார் பார்ப்பதை ஆர் காசு கொடுத்து வாங்குவார்கள்? என் மனைவியைக் கேட்டிருந்தால் ஒரு சதமில்லாமல் சொல்லியிருப்பாள்.

கரண்ட் வெட்டு என்ற சாட்டு ஒரு காலத்தில் தங்கமாக இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. நாட்டை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எப்போது இருட்டு என்று அட்டவணை போட்டார்கள். கேட்கக்கூடாத கேள்வி வரும்போது “சேர், கரண்ட் போகுது” என்று சொல்லி லப்டொப்பை மூடிவிடலாம். டிரெக்டர் ஒன்பது கிளைகளின் எழுத்துகளையும் எழுதித் தன் சுவரில் ஒட்டும்வரை அது வேலை செய்தது. பிறகு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு இலங்கையையும் இருட்டாக்கியது. அமைச்சரே சொன்ன காரணம். அடுத்த நாள் கூட்டத்தில் என்னுடைய மாதாந்த அறிக்கை எங்கே என்று கேட்டபோது, இப்படியொரு சந்தர்ப்பம் ஆயுளில் ஒருமுறைதான் வரும் என்று நினைத்துக்கொண்டு, “சேர், அந்தக் குரங்கு...” என்று தொடங்கினேன்.

“குரங்கு வந்தது ஞாயிறு. அறிக்கை தர வேண்டியது வெள்ளி,” என்றார்.

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்களால் எனக்கு வருகிற இடைஞ்சல். கவனம் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்ல வந்தால் குற்றவாளி வடக்குத் தலைப்பில்தான் இருக்கிறான்.

கூட்டத்தில் நான் அதிகம் பார்ப்பது என்னுடைய முகத்தை. அலுவலக மேசையைச் சுற்றி இருந்த காலத்தில் எனக்கு முகம் இருக்கிறதென்பதே ஞாபகம் வராது. இப்போது மூலையில் ஒரு சதுரத்தில் அது ஒரு மணித்தியாலம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முன்வழுக்கை எப்போது இவ்வளவு தூரம் வந்தது? வலது மீசை இடதைவிட நீளமோ? சிரிக்கும்போது நான் அப்பாவைப் போல இருக்கிறேன், யோசிக்கும்போது மாமனாரைப் போல இருக்கிறேன், இது எப்படிச் சாத்தியம்? ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரமி பெய்லென்சன் என்ற பேராசிரியர் 2021இல் இந்தக் களைப்புக்கு நாலு காரணம் எழுதினார். இத்தனை முகங்கள் இவ்வளவு கிட்ட வந்து நம்மையே உறுத்துப் பார்ப்பது. நம்மை நாமே கண்ணாடியில் போல நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது. கமராச் சதுரத்துக்குள் உடம்பைக் கட்டிப்போடுவது. நேரில் தானாக நடக்கிற தலையாட்டலையும் பார்வையையும் திரையில் யோசித்து யோசித்துச் செய்வது. தன் முகத்தை மறைத்துவைக்க சூமிலேயே ஒரு வழி இருக்கிறதென்றும், நெடுங்கூட்டங்களில் இடையிடையே கமராவை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள் என்றும் அவர் சொல்கிறார். மகள் என் முகத்தை மறைத்துத் தந்தாள். அடுத்த கூட்டத்தில், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு முழுக் கூட்டமும் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முகத்துக்கு அடுத்தபடி என் கவனத்தை எடுப்பது ‘உதயன்’ பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம். யாழ்ப்பாணத்தான் பத்திரிகையை அங்கிருந்துதான் தொடங்குவான். அதை மேசைக்குக் கீழே, சாரத்துக்கு மேலே மடித்து வைத்துக்கொண்டு, தலை மட்டும் நேரே நிற்கக் கண்ணால் இறங்குவது ஒரு கலை. இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு மருமகனும், ஜேர்மனி, டென்மார்க், கனடா என்று பிள்ளைகள் வரிசையும். ஒவ்வொன்றிலும் ஒரு சொந்தமாவது பிடிபடாமல் விடாது. மைக்ரோசொஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2020இல் தங்கள் ஊழியர்களின் கூட்டங்களையே எடுத்து ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு கூட்டத்தில் ஆட்கள் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கூட்டம் நீள நீள, ஆள் கூடக் கூட, வழக்கமாக வருகிற கூட்டமாக இருக்க இருக்க, இந்தப் பழக்கம் கூடியதாம். காலையில் இன்னும் அதிகமாம். எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் நீளமானது, ஆள் நிறைந்தது, வாராவாரம் வருவது, காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவது. என்னை எதற்குப் பிழை சொல்ல வேண்டும்?

அதே ஆள் திரைக்கு முன்னால் அசையாமல் இருக்கிற நேரமும் உண்டு. போன வருடம் ரொறொன்ரோவில் சித்தப்பாவின் செத்தவீடு, நேரலை. இங்கே இரவு பத்தரை. விறாந்தையில் பாய் விரித்து, அயலட்டையும் வந்து, மூன்று மணித்தியாலம் ஒருவரும் எழும்பவில்லை. மியூட் பண்ணுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்த மருமகள் எந்தச் சீலை, தேவாரம் படித்தவர் எந்த ஊர், ஒன்றும் தப்பவில்லை. காலமை நான் மனைவிக்கு அதை ஒரு கூட்டக் குறிப்பைப் போல வரி தவறாமல் ஒப்புவித்தேன். அவள் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள்.

ஒரு திங்கட்கிழமை, பக்கத்தின் நடு நிரலில், இணுவிலைச் சேர்ந்த ஒருவர் எங்கள் பெரியம்மாவின் சம்பந்தியின் ஒன்றுவிட்ட தம்பியா இல்லையா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறபோது, என் பெயர் காதில் விழுந்தது. பெயருக்கு முன்னால் ஏதோ கேள்வி போயிருந்தது. இப்படியான வேளைக்கென்று நான் வைத்திருக்கும் ஒரு விடை உண்டு, எந்தப் பூட்டுக்கும் பொருந்துவது. தலையை மெதுவாக ஆட்டி, புருவத்தைச் சுருக்கி, “ஓம் சேர், செய்யலாம்.”

திரையெங்கும் கைதட்டுகிற சின்னச் சின்னப் படங்கள் பறந்தன. டிரெக்டர் நன்றி சொன்னார். பிறகுதான் மகளைக் கொண்டு பதிவைப் போட்டுக் கேட்டேன். தலைமையகத்துச் சுற்றறிக்கை வடக்குக் கிழக்குக் கிளைகளின் நிலைமைக்குச் சரிவரவில்லை, கூட்டத்தில் ஒழுங்காகவும் கவனமாகவும் இருப்பது எப்படி என்று ஒரு புதிய வழிகாட்டியை எழுத அனுபவமுள்ள ஒருவர் வேண்டும், நீங்கள் செய்வீர்களா?

வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அரிசியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

எழுதத் தொடங்கியதும் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். “இஞ்சேருங்கோ, மைக்கைத் துறந்த உடனை ஹலோ ஹலோ எண்டு கிணத்துக்குள்ளை கூப்பிடுற மாதிரிக் கூப்பிடக் கூடாதெண்டு போடுங்கோ,” இது மனைவி. போட்டேன். கூட்டம் என்ன விசயமென்று முதல்நாளே இரண்டு வரி அனுப்பினால் நினைவை ஒருமுகப்படுத்தலாம், நாற்பது நிமிடத்துக்கு மேலே போனால் எழும்பி நடக்க ஐந்து நிமிடம் விட வேண்டும், இது மகள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானாம். போட்டேன். வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் அவர்களைக் கூட்டி வந்து வணக்கம் சொல்ல வைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அவர்கள் தாங்களாக வரமாட்டார்கள் என்பது நானே கண்டுபிடித்தது. இதற்கு என்னிடம் நேரடிச் சான்று உண்டு. மீன்காரர் வருகிற ஒன்பது மணியைத் தவிர்த்து ஒன்பதரைக்குத் தொடங்குவது என்பதையும் சேர்த்தேன். அம்மா தன் பங்குக்கு, பேசி முடிந்ததும் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுக்க வேண்டுமென்றார். அதை எப்படிச் செய்வது என்று கேட்டதற்கு, “அவையவை தங்கடை வீட்டிலை குடிக்கட்டும், கேக்கிறது எங்கடை கடமை,” என்றார். அதையும் போட்டேன்.

நான் மிகவும் பாடுபட்டு எழுதியது ஒரே ஒரு விதி. ஒருவரிடம் கேள்வி கேட்பதாக இருந்தால் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும், ஒரு மூச்சுவிட வேண்டும், அதன் பிறகே கேள்வியைச் சொல்ல வேண்டும். கேள்வியைச் சொல்லிவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல்வது நாகரிகமில்லை. இந்த விதியைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

வாசித்துக் காட்டிய நாள் ஒன்பதரைக்கே கூட்டம் தொடங்கியது. அம்மா வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிரெக்டர் அன்று வேறு வேலையில், நடத்தும் பொறுப்பு என்னிடம். ஒவ்வொரு விதியாக வாசிக்க வாசிக்க எல்லாச் சதுரங்களிலும் தலைகள் அசைந்தன. நல்ல வரவேற்பு என்று முதலில் நினைத்தேன். ஐந்தாம் விதியளவில்தான் அந்த அசைவை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று பட்டது. மெதுவான ஆட்டம், சுருங்கிய புருவம். மட்டக்களப்புத் தம்பியின் கண்ணைக் கவனித்தேன். இடமிருந்து வலமாகப் போய், திரும்பி, ஒரு வரி கீழே இறங்கியது. மறுபடி இடமிருந்து வலம். மேசைக்குக் கீழே அவர் வாசிப்பது என்ன பக்கமென்று சொல்ல எனக்கு ஆராய்ச்சி தேவையில்லை.

தடித்த எழுத்து விதியை வாசித்து முடித்தேன். அதே மூச்சில், குரலை மாற்றாமல், “இதுகளை எல்லாக் கிளையிலும் நடைமுறைப்படுத்தி, மாதாமாதம் தலைமையகத்துக்கு அறிக்கை எழுதி அனுப்புற பொறுப்பை ஆராவது ஒராள் எடுக்க வேணும், நீங்கள் செய்வியளோ,” என்று கேட்டு, கடைசியில் அவருடைய பெயரைச் சொன்னேன்.

“ஓம் அண்ணன், செய்யலாம்.”

கைதட்டுகிற படங்கள் பறந்தன. பின்னேரம் நாலு மணிக்குப் போன் அடித்தது.

“அண்ணன், காலையில நான் எதுக்கு ஓம் எண்டு சொன்னன்?”